அடைத்த கதவு

நோயாளர் ஒருவரின் கதையைச் சொல்லிப் பொருள் திரட்டுவது இக்காலத்திலே ஒரு பெருந்தொழிலாகிவிட்டது. தொழில் என்பதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. உழவும் தொழில், கற்பித்தலும் தொழில். காலையிலே கைத்தொலைபேசியைத் திறந்தால், சிறுநீரகம் பழுதான இளைஞர் ஒருவர் கட்டிலிற் கிடக்கின்றார். தலைமயிர் உதிர்ந்த குழந்தை ஒன்று நம்மைப் பார்க்கின்றது. கீழே வங்கிக் கணக்கிலக்கம். ஒரு பெருமூச்சு விடுகின்றோம். சிலவேளை பணம் அனுப்புகின்றோம், பலவேளை அனுப்புவதில்லை. விரல் அடுத்த படத்துக்குப் போய்விடுகின்றது.

2025ஆம் ஆண்டிலே, உதவி கொடுக்கச் சென்ற வீடுகளிற் படம்பிடித்து யூரியூப்பில் வெளியிடுவோரைப் பற்றி யாழ்ப்பாணத்திலே எழுந்த வாதப்பிரதிவாதத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வாதம் ஆட்களைப் பற்றிய வாதமாகத் தொடங்கி, ஆட்களைப் பற்றிய வாதமாகவே ஓய்ந்தது. அதன் அடியிலே கிடந்த வினாவை எடுத்து வெளியிலே வைத்தவர் குறைவு. பிறர் நோயைக் கதையாக்கும் உரிமை யாருக்கு உண்டு? எவ்வளவு தூரம் உண்டு?

இந்த வினாவை நடுவுநிலையில் நின்று ஆராயும் தகுதி எனக்கு இல்லை. நானும் அப்படி ஒரு கதை எழுதியவன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நலன்புரிச் சங்கத்தார் என்னிடம் வந்தனர். ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இருதயத்திலே துவாரம். கொழும்புக்குக் கொண்டுசென்று சத்திரசிகிச்சை செய்யவேண்டும். கடல்கடந்து வாழும் நம்மவர்களுக்கு அனுப்ப ஒரு வேண்டுகோள் எழுதியிருந்தார்கள். “பண்டிதர் ஐயா ஒருக்காத் தமிழைப் பார்த்துத் தரவேணும்” என்றனர். ஒற்றுப்பிழை திருத்துவது எனக்கு வயிற்றுப்பிழைப்பு, வாங்கிப் படித்தேன். பிள்ளை ஓடினால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும், தகப்பனார் மேசன் வேலை செய்பவர், இவ்வளவு பணம் அவரால் இயலாது. இவ்வளவுதான் அதில் இருந்தது. வைத்தியசாலைப் பதிவேட்டிலிருந்து பெயர்த்தெடுத்தது போல இருந்தது. இதைப் படித்து யார் மனம் உருகும்?

உட்கார்ந்து நானே எழுதினேன். ஓலைக் குடிசை வந்தது. அணைந்த அடுப்பு வந்தது. ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியின்றிப் பட்டினி கிடக்கும் பாலகி வந்தாள். எதுகை மோனைகூடத் தாமாகவே வந்து பொருந்தின. அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. அது கல்வீடா, மண்வீடா என்பதும் எனக்குத் தெரியாது.

பணம் வந்தது. வேண்டிய அளவுக்கு மேலும் வந்தது. பிள்ளை பிழைத்தாள்.

சில மாதங்களின் பின் தாயார் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் என் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்தார். போகும்போது படலையடியிலே தயங்கி நின்றார். “ஐயா, ஒண்டு சொன்னாக் குறை நினைக்கக்கூடாது. நாங்கள் ஒருநாளும் அந்தப் பிள்ளையைப் பட்டினி போடேல்லை” என்றார். வேண்டுகோளின் பிரதி ஒன்றை யாரோ ஊர் வாசிகசாலையின் விளம்பரப் பலகையில் ஒட்டிவிட்டார்களாம். தகப்பனார் மாலைதோறும் பத்திரிகை பார்க்கப் போகும் இடம் அது. அன்றுமுதல் அவர் அங்கே போவதை விட்டுவிட்டாராம்.

மறுநாளே சங்கத்துச் செயலாளரிடம் போய் முறையிட்டேன். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “பண்டிதர் ஐயா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் அந்தத் தை மாதத்துக்குள்ள ஒப்பரேஷன் செய்யாவிட்டால், அடுத்த தைக்குப் பிள்ளை இல்லை. உங்கடை கஞ்சிதான் காசைக் கொண்டுவந்தது.”

இந்த மறுமொழியை நான் இன்றுவரை வென்றதில்லை. இக்கட்டுரை முழுவதும் அவருக்கு நான் பின்னேரங்களில் மனத்துள்ளே சொல்லிக்கொள்ளும் விடை என்று கொள்ளலாம்.

செயலாளர் சொன்னது அனுபவம். அந்த அனுபவத்தை 2007ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர் மூவர், டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்ரைன், போல் ஸ்லோவிக் என்போர், அளந்து காட்டினர். ஆபிரிக்காவின் பசித்துயருக்கு உதவும்படி கேட்கும் தாள்கள் மூன்று. ஐந்து டொலர் கையிற் பெற்ற மக்களிடம் அவற்றைக் கொடுத்தனர். ஒரு தாளில் மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படமும் கதையும் இருந்தன. இன்னொன்றில் இத்தனை இலட்சம் பேர் இன்னல் உறுகின்றனர் என்னும் கணக்கு. மூன்றாவதில் கதை, கணக்கு இரண்டும். சிறுமியைக் கண்டவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தனர். கணக்கைக் கண்டவர்கள் 1.14 டொலர் கொடுத்தனர். இரண்டையும் சேர்த்துக் கண்டவர்கள் கொடுத்ததுதான் வியப்பு: 1.43 டொலர். கதைக்குத் துணையாகப் போன கணக்குக் கதையின் கழுத்தை நெரித்துவிட்டது. ஸ்லோவிக்கும் சுவீடன் நாட்டு ஆய்வாளரும் 2014இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, ஒரு குழந்தை இரண்டு குழந்தையாகும்போதே இரக்கம் தேயத் தொடங்குகின்றது என்றது.

ஆகவே நலவியல் நிறுவனங்கள் கதையைத் தேடி அலைவதில் வியப்பில்லை. மனித மனம் ஒருவருக்கு உருகும். ஒரு இலட்சம் பேருக்கு உருகாது. இது மனத்தின் குறை. ஆயினும் உள்ள குறை.

ஆனால் எந்தக் கதை உருக்குகின்றது? இங்கேதான் எனக்குத் தொல்காப்பியர் நினைவுக்கு வருகின்றார். பழம்பண்டிதன் எதற்கும் தொல்காப்பியத்தை இழுப்பான் என்று மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மெய்ப்பாட்டியலிலே எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன் வகுக்கப்பட்டுள்ளன. அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அஃதாவது இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னை நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை. இந்த நான்கிலும் பிணி என்பது இல்லை. பிணியை ஆசிரியர் எங்கே வைத்தார்? இளிவரலிலே வைத்தார், மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றோடு சேர்த்து வைத்தார். இளிவரல் என்பது மனம் சுருங்குதல். நோயைத் தனியே கண்டால் மனிதமனம் முதலிற் சுருங்குகின்றது, விலகப் பார்க்கின்றது. குட்டநோயாளரைத் தீவிலே வைத்த உலகம் இதற்குச் சான்று. நம் நாட்டிலே மட்டக்களப்பு வாவியின் மாந்தீவை அறியாதார் யார்?

நோயைச் சொல்லி இரக்கம் பெறவேண்டுமாயின், எழுதுபவன் இளிவரலை அழுகையாக மாற்றவேண்டும். அதற்கு வழி, அழுகைக்குரிய நான்கில் ஒன்றைக் கொண்டுவந்து நோயோடு பொருத்துதல். இழவு இருந்தால் நன்று, இல்லையேல் வறுமை. நான் அன்று செய்தது இதுதான். பிள்ளையின் இருதயத்துத் துவாரம் போதவில்லை என்று கண்டு, என் கை தானாகவே பட்டினியைக் கொண்டுவந்து வைத்தது. இலக்கணப்படி எழுதினேன், பொய் எழுதினேன். அதனால் ஒரு மேசன் தன் ஊரிலே இகழப்பட்டார். அழுகைக்கு வேண்டிய இளிவு, படிப்பவனுக்குத் தெரியாமல், எழுதப்பட்டவனிடத்திலே போய் விளைந்தது.

மேல்நாட்டார் இந்தக் கலையை நம்மிலும் முன்னே பெருக்கியவர்கள். அமெரிக்கத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ற் 1921ஆம் ஆண்டில், 39ஆம் வயதிலே, இளம்பிள்ளைவாதம் எனப்பட்ட நோயாற் கால்கள் செயலற்றுப் போனார். 1938இல் அந்நோயை எதிர்க்கத் தேசிய நிறுவனம் ஒன்றை அமைத்தார். நகைச்சுவை நடிகர் எடி கன்ரர் வானொலியிலே தோன்றி, ஆளுக்கொரு ‘டைம்’ நாணயம், அஃதாவது ஒரு டொலரிற் பத்திலொன்று, வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்றார். தபாற் பைகள் வெள்ளமாய் வந்தன. 26 இலட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்கள். 1946இலே அந்நிறுவனம் ஒரு புதுவழி கண்டது. ஒரே சிறுவனை ஒரே சுவரொட்டியில் இருமுறை காட்டியது. ஒருபுறம் வைத்தியசாலைத் தொட்டிலிலே, கழுத்துக்குத் தாங்கியோடு. மறுபுறம் நிமிர்ந்து நடந்து வருகின்றான். உங்கள் நாணயங்களே இதைச் செய்தன என்பது அதன் வாசகத்தின் கருத்து. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு சுவரொட்டிப் பிள்ளைகள் வந்தனர்.

அந்தப் பணம் வீண்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1954இல் ஏறத்தாழ 18 இலட்சம் பிள்ளைகள் பங்குகொண்ட தடுப்பூசிச் சோதனை நடந்தது. 1955 ஏப்பிரல் 12ஆம் நாள், ரூஸ்வெல்ற் இறந்து பத்தாண்டு நிறைந்த அதே நாளில், ஜோனஸ் சோல்க் கண்ட தடுப்பூசி பயனுள்ளது என்று அறிவிக்கப்பட்டது. உலகம் முழுவதும் அதன் பயனை உண்டது. செயலாளர் இதைக் கேட்டால், “பாத்தியளோ ஐயா!” என்பார்.

ஆனால் ஒரு செய்தி என்னை உறுத்துகின்றது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ரூஸ்வெல்ற் தம்மைச் சக்கர நாற்காலியிலே வைத்துப் படம்பிடிக்க விடுவதில்லை. நின்று பேசுவார், காலிலே இரும்புத் தாங்கி மறைவாயிருக்கும், மகனின் கையைப் பிடித்து நடப்பது போல நடப்பார். படம்பிடிப்போரும் அந்த ஏற்பாட்டை மதித்தனர். அவரிற் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை; அரசியல் அப்படி இருந்தது. நாட்டுத் தலைவருக்குத் தம் கால்களை மறைக்கும் உரிமை இருந்தது. சுவரொட்டிப் பிள்ளைக்கு அது இருக்கவில்லை. கதவை அடைக்கும் ஆற்றல் உள்ளவன் அடைக்கின்றான்; இல்லாதவனின் வீடு திறந்து கிடக்கின்றது. நம்மூரிலே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் புற்றுநோய் வந்தால், அடுத்த வீட்டாருக்கே தெரியவராது.

சுவரொட்டிப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானால் என்ன சொல்வார்கள்? அதையும் உலகம் கேட்டது. தசைநலிவு நோய்ச் சங்கத்துக்காக நடிகர் ஜெரி லூயிஸ் 1966ஆம் ஆண்டு முதல் தொழிலாளர் தின வாரத்திலே நெடுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திவந்தார். பிள்ளைகள் மேடைக்கு வருவர்; அவர் கண்ணீர் விடுவார்; தொலைபேசிகள் ஒலிக்கும். அவர் காலத்திலே திரட்டப்பட்ட தொகை இருநூறு கோடி டொலருக்கு மேல். 1981இலே, அந்நோய் வகையைச் சேர்ந்த ஒன்றினால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த சட்டத்தரணி இவன் கெம்ப், நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையிலே மறுப்பு எழுதினார்: இந்த இரக்கம் எங்களுக்கு வேலை தருவோரின் மனத்திலே நாங்கள் இயலாதவர் என்பதையே பதிக்கின்றது என்பது அவர் கருத்து. 1990இல் லூயிஸ் தாமே சக்கர நாற்காலியில் இருப்பதாகக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதி, அந்த நிலையில் தாம் அரை மனிதர் என்று பொருள்பட உரைத்தார். நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். அதைப் படித்துச் சினந்தெழுந்தவர்களிலே, சிறுவயதில் அதே சங்கத்தின் விளம்பரங்களில் முகம் காட்டிய இருவரும் இருந்தனர். அவர்கள் ஓர் எதிர்ப்பியக்கத்தையே தொடங்கினர். சங்கத்தாருக்கு அது நன்றிகேடாகத் தோன்றியிருக்கும். எனக்கு அந்த மேசன்தான் தோன்றினார். அவருக்கு இயக்கம் தொடங்கத் தெரியாது. வாசிகசாலைக்குப் போவதை நிறுத்தத் தெரிந்தது.

அழுகையைத் தவிர வேறு மெய்ப்பாட்டால் கொடை பிறவாதா? பிறக்கும். கனடாவிலே தெரி பொக்ஸ் என்றோர் இளைஞர். என்புப் புற்றுநோயினால் 1977இல் வலக்கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. 1980 ஏப்பிரல் 12ஆம் நாள் அத்திலாந்திக்குக் கரையிலே சென்ற் ஜோன்ஸ் நகரிலிருந்து, செயற்கைக் காலோடு, நாட்டின் மறுகரை நோக்கி ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு கனேடியரிடமிருந்தும் ஒரு டொலர் வேண்டும் என்பது அவர் கேள்வி. 143 நாள், 5,373 கிலோமீற்றர். செப்ரெம்பர் முதலாம் நாள் தண்டர் பே நகருக்கு அருகே நோய் நெஞ்சுக்குப் பரவியதால் நின்றார். 1981 பெப்ரவரிக்குள் 2 கோடி 41 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே. அந்த ஆண்டு யூன் 28ஆம் நாள், 22 வயதில், அவர் இறந்தார்.

இந்தக் கதை அழுகை அன்று, பெருமிதம். கல்வி, தறுகண், புகழ், கொடை என்ற நான்கிலே தறுகண்ணும் கொடையும் இங்கே ஒருங்கே நிற்கின்றன. கேட்பவன் கீழ்நோக்கிக் கொடுக்கவில்லை, மேல்நோக்கிக் கொடுத்தான். கதை அவருடையது, ஓட்டமும் அவருடையது, வணிகப் பொருள்களுக்குத் தம் பெயரைத் தர மறுத்தவரும் அவரே.

இருந்தாலும் இதையே விதியாக்கிவிட முடியாது. எல்லா நோயாளரும் ஓடமாட்டார்கள். சோர்ந்து கிடக்கும் ஒரு தாய்க்கு, “தெரி பொக்ஸைப் பார்” என்று சொல்வது இன்னொரு வகைக் கொடுமை. நோயோடு போராடி வென்றார் என்று எழுதும்போது, இறந்தவர் போராடாமல் இறந்தார் என்று சொல்லாமற் சொல்கின்றோம். வீரக் கதைக்கும் ஒரு விலை உண்டு.

நோயாளர் தாமே தம் பெயரை முடிவுசெய்த நாள் ஒன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டு யூன் மாதம், அமெரிக்காவின் டென்வர் நகரிலே, எயிட்ஸ் நோயுற்ற சிலர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். எங்களைப் பலியானவர் என்று அழைக்காதீர்கள். எயிட்ஸ் உள்ள மக்கள் என்று அழையுங்கள் என்றனர். ஒரு சொல்லுக்காகவா இத்தனை என்று கேட்கலாம். சொல்லிலே என்ன இருக்கின்றது என்று பிறர் கேட்கலாம், தமிழாசிரியன் கேட்கலாமா?

பெயர் மறைத்தல் பற்றியும் ஒரு சொல். நிறுவனங்கள் இப்போது, பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அமைதி அடைகின்றன. இதில் நம்மவருக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. அகத்திணையிலே தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டலாகாது. ஒருவரின் உள்வாழ்வைச் சொல்லலாம். அழுகையைச் சொல்லலாம், உறங்காமையைச் சொல்லலாம், உடல் மெலிவைச் சொல்லலாம். ஆள் யார் என்பதை மட்டும் சொல்லலாகாது. சொன்னால் அது அகம் ஆகாது.

இந்த விதி எவ்வளவு நுண்மையானது என்பதை நெடுநல்வாடை காட்டும். அரசியின் பிரிவுத்துயர், அரசன் பாசறையிலே. பெயர் எங்குமில்லை. ஆனால் வேலின் தலையிலே வேப்பந்தார் கட்டியிருந்ததாக ஓரிடத்தில் வந்துவிட்டது. வேம்பு பாண்டியனுக்கு அடையாளப் பூ. ஆதலால் இது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு பூ! ஒரு பூ ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அண்மையில் என் பார்வைக்கு வந்த ஒரு துண்டுப்பிரசுரத்திலே பிள்ளையின் பெயர் மாற்றப்பட்டிருந்தது. முகத்துக்கு மேல் ஒரு மங்கல் பூசப்பட்டிருந்தது. ஆனால் பாடசாலைக் கழுத்துப்பட்டி பளிச்சென்று தெரிந்தது. பின்னாலே ஊர்க் கோயிற் கோபுரம். வகுப்பிலே வைத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆளைச் சொல்லிவிடும். நச்சினார்க்கினியரை நிறுவனங்கள் உத்தியோகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இப்பக்கம் திரும்பியுள்ளது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் நலவியற் செய்திகளைச் சிறப்பு வகைத் தரவாகக் கொள்கின்றது. கொடுத்த சம்மதத்தை மீளப்பெறும் உரிமையும் அதிற் பேசப்படுகின்றது. ஆனால் வைத்தியசாலைக் கட்டிலருகே, பணம் தரப்போகின்றவன் தாளை நீட்டும்போது, எந்தத் தாய் கையெழுத்திட மறுப்பாள்? அந்தக் கையெழுத்துச் சம்மதந்தானா?

சம்மதத் தொல்லையே வேண்டாம் என்று, செயற்கை நுண்ணறிவால் வரைந்த முகங்களைப் பயன்படுத்தும் வழக்கமும் வந்துவிட்டது. பிறவாத பிள்ளை, அழாத கண்ணீர். யாருடைய மானமும் போகவில்லையே என்கிறார்கள். 2023இலே ‘லான்செற்’ குழும இதழொன்றில் ஆய்வாளர் சிலர் ஒரு செய்தி எழுதினர். கறுப்பின வைத்தியர்கள் வெள்ளையினக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யும் படத்தை இயந்திரத்திடம் கேட்டுப்பார்த்தனர். திரும்பத் திரும்பக் கேட்டும், நோயுற்ற குழந்தையை அது பெரும்பாலும் கறுப்பினக் குழந்தையாகவே வரைந்தது. நாம் இத்தனை காலமும் ஒட்டிய சுவரொட்டிகளைத்தானே அது படித்தது! நான் அந்த வீட்டைப் பாராமல் ஓலைக் குடிசை எழுதினேன் அல்லவா? அதையே இயந்திரம் விரைவாகச் செய்கின்றது.

சிறுபாணாற்றுப்படையிலே ஒரு வீடு வரும். நல்லூர் நத்தத்தனார் பாடியது. கூரை சிதைந்த அடுக்களை. ஈன்ற நாயின் கண் திறவாக் குட்டிகள். பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையிலே முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி, உப்பும் இல்லாமல் வேகவைக்கின்றாள். சுற்றத்தோடு உண்ண உட்காருமுன் ஒரு காரியம் செய்கின்றாள். வறுமை இயல்பு என்பதை உணராத அறிவிலிகள் கண்டுவிடுவார்களே என்று நாணி, வாயிற் கதவை அடைக்கின்றாள். தமிழிலே வறுமையைச் சொன்ன இடங்கள் பல. எனக்கு இந்தக் கதவு போல ஒன்றும் இல்லை. அவள் இரந்துண்ணவில்லை, பொய் சொல்லவில்லை. கதவை மாத்திரம் அடைத்தாள்.

புலவர் அந்தக் கதவைத் திறந்துவிட்டாரே என்று மாணவன் ஒருவன் ஒருமுறை கேட்டான். நல்ல கேள்வி. விடை ஆற்றுப்படை என்ற அமைப்பிலேயே இருக்கின்றது. அங்கே பேசுபவன் பாணன். அது அவன் சொந்த வீட்டுக் கதை. வறுமை தீர்ந்தபின் சொல்கின்றான். யாருக்குச் சொல்கின்றான்? நல்லியக்கோடனுக்கு அன்று, வழியிலே வரும் இன்னொரு பசித்த பாணனுக்கு. நானும் இப்படித்தான் இருந்தேன். இந்த வழியாற் போ என்கின்றான். கேட்பவனும் அத்தகைய கதவுக்குள்ளே வாழ்பவன். அவன் முன்னே நாணமில்லை.

நலவியற் பணியிலே தன்கதை கூறல் மிகச் சிறந்து விளங்குவதும் இவ்வகையிலேயே என்பது என் துணிபு. 1935இல் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிலே குடிநோயாளர் இருவர் தொடங்கிய சங்கம் ஒன்று இன்று உலகெங்கும் உண்டு. மதுவை விட்டவர் விடமாட்டாதவருக்குத் தம் கதையைச் சொல்வார், அதுதான் மருந்து. பெயர் சொல்வதில்லை, தோற்றுவித்தவரில் ஒருவரே பில் டபிள்யூ. என்றுதான் அறியப்பட்டார். வெளியார் பணமும் ஏற்பதில்லை. அகத்திணையின் பெயர் சுட்டாமையும் ஆற்றுப்படையின் வழிகாட்டலும் அங்கே, நம் இலக்கணம் அறியாதவர் கையிலே, சேர்ந்து நிற்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட ஓர் ஆசிரியை, அஞ்சிக்கொண்டிருந்த இன்னோர் ஆசிரியையோடு வேப்பமரத்தின் கீழே அரைமணி நேரம் பேசியதை நான் கண்டிருக்கின்றேன். வைத்தியசாலைக்குப் போகமாட்டேன் என்றவர் அடுத்த திங்கட்கிழமை போனார். எந்தச் சுவரொட்டி அதைச் செய்யும்?

“அதுசரி ஐயா, காசு?” என்று செயலாளர் இடையிலே கேட்கின்றார். காசுக்கும் மணிமேகலையிலே ஒரு வழி கிடக்கின்றது. காயசண்டிகை நோயாளி. யானைத்தீ என்னும் தீராப் பசிநோய். மணிமேகலை அவளைக் கண்டதும், உனக்கு இந்நோய் எப்படி வந்தது, உன் ஊர் எது, கணவன் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி இட்டாள். நோய் தீர்ந்தது. அதன்பின்னரே காயசண்டிகை தன் ஊர், தான் செய்த பிழை, முனிவர் இட்ட சாபம் எல்லாவற்றையும் தானே எடுத்துரைக்கின்றாள். சாத்தனார் இந்த வரிசையை அறிந்தே வைத்தார் என்று கொள்கின்றேன். முன்னே கொடை, பின்னே கதை. பசியோடு நிற்பவள் சொல்லும் கதை விலைக்கு விற்கும் கதை. பசி தீர்ந்தவள் சொல்லும் கதை அவளுடையது. சங்கங்கள், குணமடைந்து ஆண்டுகள் கழிந்தவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் மனமுவந்து தரும் கதையைக்கொண்டு இன்றைய நோயாளருக்குப் பொருள் திரட்டலாமே. இன்றைய நோயாளரின் கதவு அடைத்தபடியே இருக்கலாம். இதற்கு மெல்லவே பணம் வரும் என்பார், இருக்கலாம். 2.38 டொலர் வராமல் 2 டொலர் வரலாம்.

சென்ற மாதம் அதே சங்கத்தார் மீண்டும் வந்தனர். வேறொரு பிள்ளை, அதே நோய். நான் எழுதமாட்டேன் என்றேன். செயலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு இருவருமாக அந்த மேசன் வீட்டுக்குப் போனோம். பதினொரு ஆண்டின் பின்னே முதன்முறையாக அந்த வீட்டைப் பார்த்தேன். சிறிய கல்வீடு, அவரே கட்டியது, முற்றத்திலே செவ்வரத்தை. அவர் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார்; அதிகம் பேசவில்லை. நான் அந்தப் பழைய வேண்டுகோளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். “விடுங்கோ ஐயா” என்றார்.

பிள்ளைக்கு இப்போது பதினெட்டு வயது, உயர்தரம் படிக்கின்றாள். விரும்பினால் உன் கதையை நீ எழுதித் தரலாம், விரும்பாவிட்டால் வேண்டாம், பெயர் போடுவதும் போடாததும் உன் எண்ணம் என்றேன். தகப்பனாரைப் பார்த்தாள். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து ஒரு கொப்பித்தாளிலே எழுதிக்கொண்டுவந்து தந்தாள். ஒரு பக்கமுமில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும்போது தான் எப்போதும் தண்ணீர்க் குடத்தருகே உட்காரவைக்கப்பட்டதை எழுதியிருந்தாள். வைத்தியசாலையிலே அப்பா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்ததை எழுதியிருந்தாள். சத்திரசிகிச்சைக்கு மறு ஆண்டு நூறு மீற்றர் ஓடி நான்காவதாக வந்ததாகவும், நான்காவதுக்குப் பரிசு இல்லை என்றும் எழுதியிருந்தாள். அடியிலே தன் பெயரையும், அதன் முன்னே தகப்பனாரின் முதலெழுத்தையும் இட்டிருந்தாள்.

இரண்டு இடத்திலே ஒற்று விடுபட்டிருந்தது. அவற்றை மாத்திரம் இட்டு, செயலாளரிடம் கொடுத்தேன்.